வாசல் தொட்டியில் குளிர்காலத்துக்கு என்ன நடலாம்?

கேள்வி, செப்டம்பர் 14

லண்டன் குரோய்டனில் கீழ்த்தள வாடகை வீடு. வாசலில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. கோடையில் வைத்த பெட்டூனியா ஓய்ந்துவிட்டது. இங்கே குளிரில் எதுவும் நிற்காது, தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஏப்ரலில் பார்த்துக்கொள் என்கிறார் கூட வேலை பார்ப்பவர். வாசல் வடக்குப் பார்த்தது, வெயில் வராது. ஊர் பொள்ளாச்சிப் பக்கம் என்பதால் செடி பழக்கம், குளிர் பழக்கமில்லை. ஐந்து மாதம் வெறும் வாசலைப் பார்க்க மனசு வரவில்லை. அக்கா, அண்ணாமார் யாராவது சொல்லுங்கள்.

செப்டம்பர் 14, இரவு

கவிழ்த்து வைக்காதீர்கள் தம்பி. ஹேரோவில் எங்கள் வாசல்படியும் வடக்குப் பார்த்ததுதான். நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே ஏதாவது ஒன்று பச்சையாகவோ பூவாகவோ நின்றுகொண்டேதான் இருக்கும்.

கோடைத் தொட்டியில் சின்ன நாற்றாக வைப்போம், அது வளர்ந்து தானே நிரப்பிக்கொள்ளும். குளிர்காலத்தில் அந்தப் பேச்சே கிடையாது. அக்டோபர் கடைசியில் லண்டனில் பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போய்விடும். திரும்ப அந்த அளவுக்கு வர பிப்ரவரி நடு ஆகும். டிசம்பர் 21 வாக்கில் 8 மணி நேரம்கூடத் தேறாது. அந்த வெளிச்சத்தில் செடி உயிரோடு இருக்கும், வளராது. ஆகவே நட்ட அன்றைக்கே தொட்டி முழுசாகத் தெரிய வேண்டும். கொலு வைப்பது போலத்தான் இதுவும்: உயரமானது பின்னால், நடுத்தரம் அதற்கு முன், வழிந்து தொங்குவது விளிம்பில், எல்லாம் முதல் நாளே அதனதன் இடத்தில். கோடையில் ஐந்து செடி வைத்த தொட்டிக்கு இப்போது எட்டு ஒன்பது பிடிக்கும்.

ஆயுத பூஜை வாக்கில் நட்டு முடித்துவிடுங்கள். மண்ணில் கொஞ்சம் சூடு மிச்சம் இருக்கும்போதே வேர் பிடிக்க வேண்டும். நவம்பர் கடைசியில் நட்டால் செடி வாங்கி வந்த பிளாஸ்டிக் சட்டியின் வடிவத்திலேயே மார்ச் வரை உட்கார்ந்திருக்கும்.

செப்டம்பர் 15

செடிப் பெயர்கள் கேட்டிருக்கிறீர்கள். வடக்கு வாசலுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது ஸ்கிம்மியா. அதிலும் ‘ருபெல்லா’ என்ற வகை. கரும்பச்சை இலை, அதன் நடுவே அடர்சிவப்பில் மொட்டுக்கொத்து. அந்த மொட்டு இலையுதிர் காலத்தில் வரும், வசந்தம்வரை விரியாமல் மொட்டாகவே நிற்கும். மழையோ பனியோ அதை ஒன்றும் செய்வதில்லை. நிழல்தான் அதற்குப் பிடிக்கும், நல்ல வெயிலில் வைத்தால் இலை வெளுத்துவிடும். ‘ருபெல்லா’ ஆண் செடி, காய்க்காது. சிவப்புப் பழம் வேண்டும் என்றால் பெண் வகை ஒன்று கூடவே வேண்டும், அல்லது ஒரே செடியில் இரண்டும் உள்ள ‘ரீவ்சியானா’ வாங்க வேண்டும். கடையில் பழத்தோடு இருக்கிறதே என்று ஒன்றை மட்டும் வாங்கி வைத்தால், அடுத்த வருஷம் பழம் எங்கே என்று தேட வேண்டிவரும்.

அப்புறம் கால்தீரியா. ஒரு சாண்கூட உயராது, படர்ந்து கிடக்கும், குண்டு குண்டாகச் சிவப்புப் பழம். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பாருங்கள். ஊரில் முட்டி வலிக்குத் தேய்க்கிற தைலத்தின் வாசனை அப்படியே வரும். காரணம் மெதில் சாலிசிலேட். தைலத்துக்கு அந்த எண்ணெயை ஒரு காலத்தில் எடுத்ததே இந்தச் செடியிலிருந்துதான். அம்மா இங்கே வந்திருந்தபோது முகர்ந்து பார்த்துவிட்டு இலையைக் கீழே போடவே இல்லை, மடித்துக் கைக்குட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

விளிம்புக்கு ஐவிக் கொடி. பூவுக்கு வயோலா. பேன்சியின் பெரிய முகம் மழையில் கசங்கிப்போகும், வயோலாவின் சின்னப் பூ சீக்கிரம் நிமிர்ந்துவிடும். இரண்டுமே வெயில் இல்லாத வாசலில் பூ குறைவாகத்தான் வைக்கும். இருக்கிற மூன்றில் எந்தத் தொட்டிக்கு வானம் அதிகம் தெரிகிறதோ அதில் வையுங்கள்.

செப்டம்பர் 15, சற்று கழித்து

விட்டுப்போனது. ஸ்கிம்மியாவுக்கும் கால்தீரியாவுக்கும் அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும். ‘எரிகேஷியஸ்’ என்று போட்ட மூட்டை தனியாகக் கிடைக்கும். லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், கெட்டிலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அதையே ஊற்றிக்கொண்டிருந்தால் நாளடைவில் இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாகும். ஒரு வாளியில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் அதற்கா பஞ்சம்!

செப்டம்பர் 18

வேறொருவர் சைக்லமென் பற்றிக் கேட்டிருக்கிறார். இதில் கவனம். சூப்பர்மார்க்கெட் வாசலில் கலர் கலராக அடுக்கியிருப்பது பெரும்பாலும் பெர்சிகம் வகை. லேசான உறைபனிவரை சமாளிக்கும். நல்ல குளிர் ஒன்று இறங்கினால் ஒரே இரவில் கூழாகச் சரிந்துவிடும். ‘கோவும்’ என்ற வகை வேறு. வட்ட இலை, குட்டைக் காம்பு, பூ சுண்டுவிரல் நகம் அளவு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பனிக்குள் நின்று பூக்கும். விலை கூடுதல், பார்க்க அடக்கமாக இருக்கும், ஆனால் வருஷா வருஷம் வரும்.

செடிச் சீட்டில் ‘எச்’ போட்டு ஒரு எண் இருக்கும். ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டியின் தாங்குதிறன் வரிசை அது. எச்3 என்றால் சுமார் −5 டிகிரி வரை, எச்4 என்றால் −10 வரை, எச்5 என்றால் −15 வரை. பிரிட்டனில் பெரும்பாலான இடங்களுக்கு எச்4 போதும் என்பார்கள். அது தரையில் நட்ட செடிக்கு. தொட்டியில் வேரைச் சுற்றி இருப்பது ஒரு விரற்கடை மண்ணும் ஒரு சட்டிச் சுவரும்தான், குளிர் நாலாபக்கமும் உள்ளே வரும். தொட்டிக்கு வாங்கும்போது ஒரு படி மேலே பார்த்து எச்5 வாங்குவது என் வழக்கம். 2022 டிசம்பரில் வந்த குளிர் அலையில் எங்கள் தெருவில் தரையில் இருந்த ஹீபி என்ற புதர்ச்செடிகள் சில பிழைத்தன, தொட்டியில் இருந்தவை கருகிப்போயின.

செப்டம்பர் 22

தொட்டிக்கு அடியில் ஓட்டாஞ்சில்லு போட வேண்டாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பாட்டி காலத்து வழக்கம், ஆனால் அதனால் தண்ணீர் சீக்கிரம் வடியும் என்பது சரியில்லை. பொடி மண்ணிலிருந்து பெரிய இடைவெளிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மண்ணின் கடைசி அடுக்கு முழுக்க நனைந்து சொட்டும் நிலைக்கு வந்த பிறகுதான் இறங்கும். எந்தத் தொட்டியிலும் அடியில் சில அங்குலம் எப்போதும் சொதசொதவென்று இருக்கும். சில்லு போட்டால் அந்தச் சொதசொத அடுக்கு மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து உட்காரும்.

தொட்டியைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள், அதுதான் பலன் தருவது. மூன்று கால்கள் கடையில் கிடைக்கும், செங்கல் துண்டும் போதும். ஓட்டை அடைபடாமல் தண்ணீர் வெளியே ஓட வழி இருக்க வேண்டும். கோடையில் வைத்த தாம்பாளத்தை எடுத்துவிடுங்கள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. லண்டனில் தொட்டிச் செடி குளிரில் செத்தது என்று சொல்வதில் பாதிக்கு மேல் ஈரத்தில் செத்ததுதான் என்பது என் எண்ணம். குளிர்ந்த மண்ணில் வேர் தண்ணீரை மெதுவாகத்தான் எடுக்கும். மழையோ விடாது. மண்ணில் காற்று போக இடமில்லாமல் வேர் அழுகும். அப்படி அழுகிய வேரோடு நிற்கும் செடி மீது ஒரு உறைபனி விழுந்தால் பழி உறைபனி மேல் போகிறது.

செப்டம்பர் 22, இரவு

சரி, ஓட்டாஞ்சில்லு அண்ணன் விடவில்லை. மண் ஓட்டை வழியாகக் கொட்டாமல் இருக்க ஒரே ஒரு சில்லைக் கவிழ்த்து வைப்பதில் தவறே இல்லை. நான் பழைய கொசுவலைத் துண்டு ஒன்றை வைப்பேன். கால் தொட்டிக்குச் சில்லை நிரப்புவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

செப்டம்பர் 29

தம்பி மண் மூட்டை வாங்கிவிட்டாராம். பின்னால் அச்சிட்டிருப்பதைப் படித்தால் தென்னை நார்க்கழிவு என்று இருக்கிறதே, இது எங்கள் ஊர் மஞ்சி மில்லில் மலை மாதிரி குவிந்து கிடக்குமே என்று கேட்டிருக்கிறார். ஆமாம், அதுவேதான். பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டி கட்டியாக அழுத்திக் கப்பலில் வருகிறது. பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்துக்கு விற்கும் மண்ணில் முன்பெல்லாம் பீட் என்ற சதுப்பு மண்தான் முக்கால்வாசி. சதுப்பு நிலத்தைத் தோண்டினால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கார்பன் காற்றில் கலக்கும் என்று அதைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். அந்த இடத்துக்குத் தென்னை நார்க்கழிவும் மரநாரும் மரப்பட்டையும் வந்திருக்கின்றன. உப்பைக் கழுவி எடுத்த பிறகுதான் செடிக்கு ஆகும், அதையெல்லாம் செய்துதான் மூட்டை கட்டுகிறார்கள்.

இதை இங்கே இழுப்பது ஊர்ப்பாசத்தால் மட்டும் இல்லை. நார்க்கழிவு மேலே சீக்கிரம் காய்ந்து வெளுத்துப்போகும், ஓர் அங்குலம் கீழே ஈரம் அப்படியே இருக்கும். மேலே பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் குளிர்காலத்தில் அது தினம் ஒரு முறை செடியை மூழ்கடிப்பதற்குச் சமம். விரலை இரண்டாம் கணுவரை விடுங்கள். ஈரம் பட்டால் வந்த வழியே திரும்புங்கள். தொட்டியை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும், கனமாக இருந்தால் தண்ணீர் இருக்கிறது.

அக்டோபர் 6

இனி பூக்கிழங்குகள். டாஃபடில், குரோகஸ், குட்டி ஐரிஸ் எல்லாம் இப்போதே வைக்கலாம். டூலிப்பை மட்டும் நவம்பர்வரை நிறுத்திவையுங்கள். மண் நன்றாகக் குளிர்ந்த பிறகு நட்டால் டூலிப்பைத் தாக்கும் பூஞ்சை நோய் குறையும் என்பது தோட்டக்காரர்கள் நெடுநாளாகக் கைக்கொள்ளும் வழி.

நவம்பரில் டூலிப் வைக்கும்போது ஒரே தொட்டியில் எல்லாவற்றையும் அடுக்கடுக்காக வைக்கலாம். ஆழத்தில் டூலிப், மேலே அரையடியோ ஒரு சாணோ மண். அதற்கு மேல் அடுக்கில் டாஃபடில். அதற்கும் மேலே, ஒரு நான்கு விரற்கடை ஆழத்தில், குரோகஸ் அல்லது ஐரிஸ். மண்ணை மூடி உச்சியில் வயோலா. பிப்ரவரியில் ஐரிஸ் வரும், அது ஓயும்போது டாஃபடில், ஏப்ரலில் டூலிப். கீழே இருப்பது மேலே இருப்பதை முட்டிக்கொண்டு நிற்காது, சுற்றி வழி கண்டுபிடித்து வந்துவிடும்.

ஊரில் டூலிப் ஏன் வருவதில்லை என்று மகள் ஒருமுறை கேட்டாள். குறைந்தது 12 வாரமாவது குளிர் கிடைத்தால்தான் உள்ளே உருவாகியிருக்கும் பூக்காம்பு நீண்டு வெளியே வரும். எல்லோரும் திட்டுகிற இந்த ஊர்க் குளிர் அந்தக் கிழங்குக்கு உணவு மாதிரி அவசியம்.

வாங்கிய கிழங்கைச் சமையலறையில் வைக்காதீர்கள். டாஃபடில் கிழங்கைப் பார்த்தால் வெங்காயம்தான், சின்னதாக இருந்தால் சாம்பார் வெங்காயம். தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். 2015இல் டாஃபடிலைக் காய்கறிக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள் என்று இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையே கடைகளுக்குச் சொன்னது. ஸ்கிம்மியா பழமும் ஹெல்லபோர் என்ற குளிர்காலப் பூச்செடியும்கூட வாயில் வைக்கக் கூடாதவை. கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் இவற்றைக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அக்டோபர் 9

அணில்! நட்ட மறுநாள் காலையில் குரோகஸ் கிழங்கின் தோல் படி முழுக்க. இங்கே இருப்பது சாம்பல் அணில், ஊர் அணிலைப் போல முதுகில் கோடு போட்ட சின்னப் பிள்ளை கிடையாது, பூனைக்குட்டி அளவு இருக்கும். டாஃபடிலைத் தொடாது, டூலிப்பும் குரோகஸும் அதற்கு விருந்து. மிளகாய்த்தூள் தூவுங்கள் என்று யாரோ மேலே எழுதியிருக்கிறார்கள். முதல் மழையில் கரைந்துபோகும், அதற்கு மிளகாய்த்தூளை ரசத்தில் போடலாம். கோழிவலையைத் தொட்டி வாய்க்கு வெட்டி மண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே பதித்துவிடுங்கள். முளை கண்ணி வழியாக வந்துவிடும், அணில் நகத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். எங்கள் வாசலுக்கு வருவது இப்போது மண்ணைக்கூடக் கிளறாமல் கோழிவலையை மோந்து பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடக்கிறது.

அக்டோபர் 20

கனடாவில் டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவிலிருந்து ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். நீங்கள் சொல்வது எல்லாம் லண்டன் கதை, எங்களுக்கு −20 வரும், வயோலா நவம்பரிலேயே ஐஸ் கட்டி என்கிறார். உண்மை. டொராண்டோவில் தொட்டி மண் கல்லாக உறைந்துவிடும், அங்கே விளையாட்டே வேறு. தங்கை அங்கேதான் இருக்கிறாள், அவள் வாசலில் பார்த்ததைச் சொல்கிறேன்.

அங்கே உயிர்ச்செடி நடுவதில்லை. வெட்டிய கிளைகளைச் செருகுகிறார்கள். நடுவில் வெள்ளை பர்ச் மரக் கம்புகள், சுற்றி ஸ்புரூஸ், பைன், சீடர் கிளைகள், நடுநடுவே சிவப்பு டாக்வுட் குச்சி, இலையெல்லாம் உதிர்ந்து பழம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வின்டர்பெரி. நவம்பரில் மண் இன்னும் குத்துப்படும்போதே செருகி நன்றாகத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். அது உறைந்ததும் கிளைகளைச் சிமெண்டில் நட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். டிசம்பரில் ஆரம்பிக்கலாம் என்றால் கடப்பாரைதான். குளிரில் கிளை காயாமல் மார்ச் வரை பச்சையாகவே நிற்கும். மண் தொட்டி அங்கே வேண்டவே வேண்டாம். ஃபைபர், ரெசின் அல்லது கெட்டியான மரப்பெட்டி.

சீடரைக் கீழ்நோக்கி வழியவிட்டு, ஸ்புரூஸை நிமிர்த்திச் செருகியிருந்தாள் தங்கை. பனி கொட்டிய காலையில் அந்தச் சிவப்புக் குச்சிகள் மட்டும் தெருவில் நிறமாகத் தெரிந்தன. எனக்கு வந்த ஆசையில் லண்டனுக்குத் திரும்பியதும் டாக்வுட்டையே ஒரு தொட்டியில் வைத்துவிட்டேன். மழைக்காலத்தில் அந்தக் குச்சி துடைத்து வைத்தாற்போல் சிவப்பாக இருக்கும்.

நவம்பர் 3

கூன்வண்டு. தம்பிக்குத் தென்னையின் சிவப்புக் கூன்வண்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் தூரத்துச் சொந்தம் ஒன்று இங்கே தொட்டிக்குள் குடியிருக்கிறது. வைன் வீவில் என்பார்கள். கறுப்பாக, ஒரு செ.மீ. நீளம், பறக்காது, இரவில்தான் வெளியே வரும். ஆண் என்று ஒன்று கிடையாது, எல்லாமே பெண், எல்லாமே முட்டை இடும். வண்டு இலை ஓரத்தைக் கடித்து வைப்பதால் பெரிய நஷ்டமில்லை. புழுதான் குடியைக் கெடுப்பது.

மேலே யாரோ ஹியூகெரா பரிந்துரைத்ததால்தான் இதை எழுதுகிறேன். குளிர்கால இலைநிறத்துக்கு அதற்கு இணையில்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புழுவுக்கும் அதுதான் பிடிக்கும். ஜனவரியில் செடி கொஞ்சம் சாய்ந்தது போலத் தெரியும். நிமிர்த்தலாம் என்று தொட்டால் கொண்டையோடு கையில் வந்துவிடும், கீழே வேர் என்று ஒன்றும் இருக்காது. மண்ணைப் பிரித்தால் வெண்ணெய் நிறத்தில், பழுப்புத் தலையோடு, அரிவாள் மாதிரி வளைந்த புழுக்கள். என் தொட்டியில் ஒரு பிடி மண்ணுக்குள் ஏழெட்டு இருந்தன.

இதற்கு மருந்து நெமடோட் என்ற நுண்ணிய நூற்புழு. மண்ணில் ஊற்றினால் புழுவுக்குள் நுழைந்து அதைக் கொல்லும், நமக்கும் செடிக்கும் ஒன்றும் ஆகாது. மண் 5 டிகிரிக்கு மேல் இருக்கும்போதுதான் வேலை செய்யும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர்வரை நல்ல சமயம். பழைய தொட்டி மண்ணையே திரும்பப் போடுபவர்கள் கொட்டிக் கிளறிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நவம்பர் 17

நெருக்கி நடச் சொன்னேன். அதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்த இரண்டு வாரமாக வெயிலே இல்லை, காற்றும் இல்லை, தூறல் மட்டும். வயோலாவின் அடி இலைகளில் சாம்பல் பூசணம். வாடிய பூவைக் காம்போடு கிள்ளி எடுங்கள், இதழை மட்டும் பிய்த்தால் விதை பிடிக்கும், பூ நின்றுவிடும். மண்ணைத் தொடும் மஞ்சள் இலை, மேலே வந்து விழுந்த மர இலை எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். செடிக்குச் செடி இலை உரசலாம், ஒன்றின் தண்டு மற்றதன் மேல் படுக்கக் கூடாது. நெருக்கம் என்று நான் சொன்னதற்கு அதுதான் அளவு.

உரம் போடலாமா என்ற கேள்விக்கு, வேண்டாம். புது மண்ணில் இருப்பதே போதும். இப்போது உரம் போட்டு இளந்தளிர் வந்தால் முதல் உறைபனிக்கு அது இரை.

நவம்பர் 28

கார்த்திகைக்குப் படியில் அகல் வைக்கும்போது ஐவியின் நுனியைத் தள்ளி ஒதுக்கிவிடுங்கள். ஸ்கிம்மியாவின் சிவப்பு மொட்டு அகல் வெளிச்சத்தில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள், அதற்காகவே நான் அந்தத் தொட்டியை இரண்டாம் படிக்கு இறக்கி வைப்பேன். மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும் ஊரில் வாசல் தொட்டியை நாம் பார்ப்பதே விளக்கு வெளிச்சத்தில்தான். கருநீல வயோலா இருட்டில் காணாமல் போகும். வெள்ளையும் வெளிர் மஞ்சளும் தெரியும். வாங்கும்போதே இதை யோசியுங்கள்.

கடையில் நீலம், பச்சை, ஆரஞ்சு நிறத்தில் ஹெதர் விற்கிறார்களே என்று கேட்டவருக்கு: அது சாயம் அடித்தது. கீழே இருப்பது கலூனா என்ற சாதாரண ஹெதர். இயற்கை நிறத்தில் எரிக்கா கார்னியா என்று கேட்டு வாங்குங்கள். பனிக்கு நடுவே மாதக்கணக்கில் பூக்கும், சுண்ணாம்புத் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும்.

டிசம்பர் 12

இன்று காலை எல்லாம் வெள்ளை. தம்பி பதறிப்போய் எழுதியிருக்கிறார், வயோலா எல்லாம் தலை சாய்ந்து கண்ணாடி மாதிரி விறைத்திருக்கிறதாம். தொடாதீர்கள். வெந்நீர் ஊற்றாதீர்கள். உள்ளே தூக்கிக்கொண்டும் போகாதீர்கள், சூட்டு அறைக்குள் போனால்தான் ஆபத்து. மதியம் உருகியதும் தானே நிமிரும்.

மண் உறைந்திருக்கும்போது தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, வேரால் எடுக்க முடியாது. ஆனால் உறைபனிக்கு முன் மண் காய்ந்து கிடந்தால் அதுவும் கெடுதல். வீட்டுச் சுவரை ஒட்டிய தொட்டிக்கு மழை விழவே விழாது. வாரம் முழுக்க மழை என்று நாம் நினைப்போம், அந்தத் தொட்டி எலும்பாகக் காய்ந்திருக்கும். ஈரத்தைப் பற்றி இவ்வளவு பயமுறுத்தியதால் இதையும் சொல்கிறேன். ஸ்கிம்மியா மாதிரி இலை உதிராத செடிகளுக்குக் குளிர்க்காற்றிலும் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும். உறையாத நாளில், காலையில், விரல் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

பனிக்கட்டி வழுக்காமல் படியில் உப்புப் போடுகிறோம் இல்லையா, அது தெறித்துத் தொட்டிக்குள் விழக் கூடாது. தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் மணல் போடுங்கள்.

டிசம்பர் 13

தொட்டிக்குப் பபிள் ராப், அதாவது குமிழ் பிளாஸ்டிக் தாள், சுற்ற வேண்டுமா? நேற்றிரவு இதைப் பற்றி நிறைய யோசித்தேன். போன வருஷம்வரை எல்லாருக்கும் சுற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன். லண்டனில் நாம் மேலே பேசிய செடிகளுக்கு அது தேவைப்படுவதில்லை என்றே இப்போது படுகிறது. −5க்குக் கீழே இரண்டு மூன்று நாள் தொடர்ந்து போகும் என்று சொன்னால் தொட்டிகளை வீட்டுச் சுவரை ஒட்டி ஒன்றோடொன்று நெருக்கி வைத்தால் போதும். சுற்றினால் சட்டியை மட்டும் சுற்றுங்கள், மேலே மூடினால் பூசணம்.

மண் தொட்டிக்குச் சுற்றுவது வேறு காரணத்துக்கு. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெரிதாகும். சட்டிச் சுவர் உறிஞ்சிய தண்ணீர் உள்ளேயே பெருத்துச் சட்டியைச் செதிள் செதிளாகப் பெயர்க்கும். நன்கு சுட்ட, உறைபனி தாங்கும் என்று எழுதிய சட்டி வாங்குங்கள். வாய் குறுகிப் பானை மாதிரி இருக்கும் வடிவம் அழகுதான், உறைந்த மண் மேலே எழும்ப இடமில்லாமல் வயிற்றில் பிளக்கும். வாய் அகன்றதே மேல்.

டிசம்பர் 20

கறிவேப்பிலை கேட்காமல் தமிழர் இழை எதுவும் முடியாது போலிருக்கிறது. அது வெளியே வைக்கும் செடி இல்லை. 10 டிகிரிக்குக் கீழே போகாத இடம், இருப்பதிலேயே வெளிச்சமான ஜன்னல், ரேடியேட்டருக்குத் தள்ளி. இலை உதிர்ந்து குச்சியாக நின்றால் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரை நன்றாகக் குறைத்துவிடுங்கள்.

ஜனவரி 15

பொங்கல் வாழ்த்துகள். கோலம் போட வாசலுக்குப் போனால் சார்கோகோக்காவின் வாசம். படியில் ஒரு மூலையில் வைத்திருக்கிறேன், வருஷம் முழுக்க யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரணப் பச்சைச் செடி. இந்த மாதம் இலைக்கு அடியில் வெள்ளை நூல் மாதிரி பூ வரும். கண்ணில் படாது. ஆனால் கதவைத் திறந்தால் தேன் கலந்த வாசம் நடைவரை வந்துவிடும். தபால்காரர் நின்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டுப் போனார். ஆழ்ந்த நிழலிலும் வளரும். முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும், வடக்கு வாசலுக்கு இதைவிடப் பொருத்தமான செடி இல்லை. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்காதீர்கள், மூக்குக்கு எட்டும் இடத்தில், கதவுக்கு ஒட்டி வையுங்கள்.

பிப்ரவரி 16

தம்பி போட்ட படத்தைப் பார்த்தேன். நீல ஐரிஸ், வயோலாவை விலக்கிக்கொண்டு கோழிவலைக் கண்ணிக்குள்ளிருந்து! கூட வேலை பார்ப்பவருக்கும் காட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஸ்கிம்மியா கொஞ்சம் வெளுத்திருக்கிறது, மழைத் தண்ணீர் தீர்ந்து குழாய்த் தண்ணீர் ஊற்றினீர்களா?

மார்ச் 22

எதைத் தூக்கிப் போடுவது, எதை வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு.

வயோலாவை இப்போது எடுக்காதீர்கள். பகல் நீண்டதும் இனிமேல்தான் அது முழு வேகத்தில் பூக்கும், மே வரை வரும். டாஃபடிலின் வாடிய தலையை மட்டும் கிள்ளிவிட்டு இலையை ஆறு வாரம் தொடாமல் விடுங்கள், அடுத்த வருஷப் பூவுக்கு அந்த இலைதான் சோறு போடுகிறது. முடிச்சுப் போட்டு அழகுபடுத்தவும் வேண்டாம். ஹெதர் பூத்து முடிந்ததும் பூக்காம்பு இருந்த அளவுக்கு மட்டும் கத்தரியுங்கள், பழைய கட்டைக்குள் வெட்டினால் திரும்பத் துளிர்க்காது. டாக்வுட்டை இந்த மாதமே மண்ணுக்கு ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். புதுக்குச்சிதான் சிவப்பாக வரும். ஸ்கிம்மியாவைத் தனிச் சட்டிக்கு மாற்றி, எரிகேஷியஸ் மண் போட்டு, கோடை முழுக்க நிழலில் வைத்தால் அக்டோபரில் இன்னும் பெரிசாகத் திரும்ப வாசலுக்கு வரும். பெர்சிகம் மிஞ்சியிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

டூலிப் தொட்டியில் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். மொட்டு மேலே வரும் இந்த மூன்று வாரத்தில் காய்ந்தால் பூ விரியாமலே நின்றுவிடும். கறிவேப்பிலையை வெளியே வைக்கலாமா என்று இப்போதே ஆறு பேர் கேட்டுவிட்டீர்கள். மே கடைசி.